ஆட்சி மாறும் வேளையில் அடித்த மாதிரி நாணயங்கள்: யாழ்ப்பாணத்திலிருந்து தொடங்குபவருக்கு

தம்பி, நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்கும் விளங்கும்படி முதலில் சுருக்கிச் சொல்கிறேன். கொக்குவிலில் இருந்த உங்கள் மாமா விட்டுச்சென்ற காசுப் பெட்டி கைக்கு வந்திருக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து, அரசு மாறும் நேரத்தில் அடித்துப் பார்த்து வெளிவிடாமல் நிறுத்திய மாதிரி நாணயங்களைச் சேர்க்க ஆசை. இதற்கிடையில் இணையத்தில் ஒருவர், ஒரு பக்கம் எட்டாம் எட்வேர்ட், மறுபக்கம் யானை, 1936, 'சிலோன்', 'கிரவுண்' என்று பொறித்த பெரிய வெள்ளைக் குத்தி ஒன்றை 'அரிய மாதிரி நாணயம்' என்று சொல்லி விற்கிறார். அதை வாங்கலாமா, இந்தத் துறையில் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே இறங்க முடியுமா என்பதுதான் கேள்வி.

அந்தக் கிரவுணுக்குக் காசு கொடுக்க வேண்டாம். அது மாதிரி நாணயமே அல்ல. எட்டாம் எட்வேர்ட் பெயரில் இலங்கைக்கு எந்தக் காசும் வெளிவரவில்லை. 1980களில் தனியார் பதக்க வணிகர்கள் பல காலனிகளின் பெயரைப் போட்டு எட்வேர்ட் கிரவுண்களைக் கற்பனையாகச் செய்து விற்றார்கள், இலங்கையும் அந்த வரிசையில் உண்டு. செய்தவர்கள் அதை நினைவுப் பதக்கம் என்றுதான் விற்றார்கள். கை மாறி மாறி வரும்போதுதான் 'மாதிரி', 'அரியது' என்ற சொற்கள் ஒட்டிக்கொண்டன. பூதக்கண்ணாடி இல்லாமலே இதைக் கண்டுபிடிக்கலாம். 1872 தொடக்கம் இலங்கையின் கணக்கு ரூபாவும் சதமும். கிரவுண் என்பது ஐந்து சிலிங் பெறுமதியுள்ள இங்கிலாந்துக் காசு, அந்தக் கணக்கில் அதற்கு இடமே இல்லை. அந்நாளில் இலங்கைக்கென்று அடித்த வெள்ளிக் குத்திகளில் பெரியது ஐம்பது சதம். ஒரு ரூபா பெறுமதியில் இலங்கை தனக்கென்று முதன்முதலாகக் குத்தி வெளியிட்டது 1957இல், புத்த ஜயந்தி நினைவாக. 1936இல் ஒருவர் இலங்கைக்குக் கிரவுண் மாதிரி அடித்துப் பார்த்திருப்பார் என்று நம்ப எந்த முகாந்திரமும் இல்லை.

இந்த உதாரணத்திலேயே துறையின் அடிப்படை இருக்கிறது. காசில் பொறித்த ஆண்டு ஒன்று, அதை அடித்த ஆண்டு இன்னொன்று. புழக்கத்துக்கு வந்த காசில் இவை இரண்டும் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். மாதிரி நாணயத்தில் இடையே அரை நூற்றாண்டு இடைவெளி கூட விழலாம். நீங்கள் விலை கொடுப்பது அடித்த ஆண்டுக்கு. மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வரும்.

மாதிரி நாணயம் என்றால் நாணயச்சாலை ஒரு புதிய வடிவத்தையோ, உலோகத்தையோ, அளவையோ அடித்துப் பார்ப்பதற்காக, மேலிடத்தின் ஒப்புதலுக்காகச் செய்யும் காசு. ஒப்புதல் கிடைத்தால் அதே அச்சு, அல்லது அதில் சிறு திருத்தம் செய்த அச்சு, ஆயிரக்கணக்கில் அடிக்கப் போகும். கிடைக்காவிட்டால் சில குத்திகளோடு நின்றுவிடும். சாதாரண காலத்திலும் இது நடக்கும். ஆனால் அரசர் இறந்தோ, விலகியோ, புரட்சி வந்தோ ஆட்சி மாறும்போது நாணயச்சாலைக்கு அவகாசம் இருக்காது. புது முகமும் புதுப் பட்டமும் உடனே வேண்டும். அச்சு செதுக்க வாரங்களும் மாதங்களும் போகும், அதற்குள் அரசியல் இன்னொரு பக்கம் திரும்பிவிடும். கூறை எடுத்தபின் குழம்பிப்போன கலியாணத்தின் கூறைபோல, அந்தக் குத்திகள் ஒரு பெட்டிக்குள் கிடக்கும். நடந்திருக்கக்கூடிய ஓர் ஆட்சிக்கு அவைதான் உலோகத்தில் இருக்கும் சான்று. இந்தத் துறையில் எனக்கு இருக்கும் பற்றுதலும் அதனால்தான்.

எட்டாம் எட்வேர்ட் கதையை ஒழுங்காகத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் விற்பவர்கள் அதிகம் பயன்படுத்துவது அவர் பெயரைத்தான். 1936 ஜனவரி 20இல் அரசரானார், டிசம்பர் 11இல் முடி துறந்தார். புதுக் காசுகள் 1937 தொடக்கத்தில் புழக்கத்துக்கு வர இருந்தன. லண்டன் நாணயச்சாலையில் ஹம்பிறி பேஜற் செதுக்கிய தலையோடு மாதிரிகள் 1937 என்ற ஆண்டைத் தாங்கித் தயாராகிவிட்டன. இரண்டாம் சாள்ஸ் காலம் தொடங்கி, ஓர் அரசர் ஒரு பக்கம் பார்த்தால் அடுத்தவர் மறுபக்கம் பார்ப்பது பிரித்தானியக் காசில் வழக்கம். ஐந்தாம் ஜோர்ஜ் இடம் பார்த்தவர், ஆகவே எட்வேர்ட் வலம் பார்த்திருக்க வேண்டும். அவர் தன் இடப்பக்க முகம்தான் வேண்டும் என்று நின்றார். மாதிரிகளில் அப்படியே இருக்கிறது. பின்னர் வந்த ஆறாம் ஜோர்ஜும் இடம் பார்க்கிறார், நடுவே எட்வேர்ட் வலம் பார்த்ததாகவே வைத்துக்கொண்டு வரிசையைக் காப்பாற்றினார்கள். உங்கள் மாமாவின் பெட்டியில் ஐந்தாம் ஜோர்ஜ், ஆறாம் ஜோர்ஜ் குத்திகள் கட்டாயம் இருக்கும். பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இருவரும் ஒரே பக்கம் பார்ப்பார்கள். அந்த ஒழுங்குக் குலைவின் நடுவில் நிற்பவர் காசில் முகம் வராத அரசர்.

அந்த மாதிரிகளில் வெளியே கால் வைத்தது பித்தளை மூன்று பென்ஸ். பன்னிரண்டு பக்கம் கொண்ட புது வடிவம் என்பதால், காசு போட்டால் இயங்கும் இயந்திரங்களைச் செய்பவர்களுக்குச் சரிபார்க்கக் கொடுத்தார்கள். அவற்றில் சில திரும்பி வரவில்லை. இன்று தனியார் கையில் இருப்பவை அந்தச் சில. தங்கப் பவுண் மாதிரியோ இன்னும் அரிது. 2020 ஜனவரியில் ஒன்று பத்து லட்சம் பிரித்தானியப் பவுண் பணத்துக்குக் கை மாறியது. நகை நிறுக்கப் பவுண் என்று நாங்கள் சொல்லும் எட்டுக் கிராமுக்குக் கிட்டத்தட்டச் சமமான எடைதான் அந்தக் காசு. விலையில் தங்கம் வகிப்பது ஒரு துளி, மீதி முழுக்க வரலாறு.

இங்கே ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. அரசரின் தலை தேவைப்படாத, நடுவில் துளை போட்ட சில காலனிக் காசுகள் எட்வேர்ட் பெயரிலேயே 1936இல் சட்டபூர்வமாக வெளிவந்து புழங்கின. கிழக்கு ஆபிரிக்காவின் ஐந்து, பத்துச் சதங்கள், பிரித்தானிய மேற்கு ஆபிரிக்காவின் குத்திகள், ஃபிஜி பென்னி, நியூ கினி பென்னி. இந்தியாவில் கச்சு சமஸ்தானமும் 'கோரி' என்ற தன் காசை அவர் பெயரைப் போட்டு அடித்தது. இவை மாதிரிகள் அல்ல. ஆனால் காலத்தைச் சொல்வதில் மாதிரிக்குக் குறைந்தவையும் அல்ல, விலையும் எட்டக்கூடியது. எட்வேர்ட் காசு ஒன்று வேண்டும் என்றால் கற்பனைக் கிரவுணுக்குக் கொடுக்க வைத்திருந்த பணத்தில் கிழக்கு ஆபிரிக்கப் பத்துச் சதம் ஒன்றை வாங்குங்கள். அது உண்மையில் சந்தையில் மீன் வாங்கிய காசு.

இந்தத் துறையில் என் மனதுக்கு மிக நெருங்கியது ரஷ்யாவின் கொன்ஸ்தாந்தின் ரூபிள். 1825 நவம்பரில், அவர்களது பழைய நாட்காட்டிப்படி 19ஆம் திகதி, முதலாம் அலெக்சாந்தர் தலைநகருக்கு வெகு தொலைவில் தாகன்றொக் நகரில் இறந்தார். அடுத்தவர் தம்பி கொன்ஸ்தாந்தின் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் வார்சோவில் இருந்தார். அரியணை வேண்டாம் என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தார், ஆனால் அந்தக் கடிதம் இரகசியமாக இருந்தது. செய்தி தலைநகர் வந்ததும் கொன்ஸ்தாந்தினுக்கு விசுவாசப் பிரமாணம் செய்தார்கள். நிதியமைச்சர் கான்கிறின் அவர் தலையோடு ரூபிள் தயாரிக்கச் சொன்னார். சென்ற் பீற்றர்ஸ்பேர்க் நாணயச்சாலை இரவு பகலாக அச்சு வெட்டிச் சில குத்திகளை அடித்தது. அதற்குள் வார்சோவிலிருந்து மறுப்பு வந்தது. டிசம்பர் 14இல் இன்னொரு தம்பியான நிக்கலஸ் அரசரானார், அன்றே செனற் சதுக்கத்தில் கிளர்ச்சி வெடித்து அடக்கப்பட்டது. கொன்ஸ்தாந்தின் பெயரே ஆபத்தான பெயராகிவிட்ட நேரத்தில் அவர் தலை பொறித்த காசை யார் வைத்திருப்பார்? அச்சுகளையும் குத்திகளையும் பெட்டியில் போட்டு நிதியமைச்சில் ஒளித்தார்கள். விளிம்பில் எழுத்துள்ள குத்திகள் ஐந்துதான் அறியப்பட்டவை. அவற்றில் ஒன்று வாஷிங்டனில் சிமித்சோனியன் நூதனசாலையில் இருக்கிறது.

விளிம்பில் எழுத்துள்ளவை என்று அழுத்திச் சொன்னது காரணத்தோடுதான். விளிம்பு மொட்டையாக இருக்கும் குத்திகளும் உண்டு. அவற்றின் பிறப்பைப் பற்றிக் காலங்காலமாக வாதம் நடக்கிறது. தலையும் பூவும் பார்த்து மயங்கும் எங்களுக்கு விளிம்பு ஒரு கண்டிப்பான ஆசிரியர். மாதிரி என்று எதைக் காட்டினாலும் முதலில் விளிம்புப் படம் கேளுங்கள். தர மறுப்பவரிடம் மேற்கொண்டு பேச்சு வேண்டாம்.

இனி ஆண்டு ஏமாற்றும் கதைகள். பிரான்சில் இரண்டாம் நெப்போலியன் பெயரில் 1816 என்று பொறித்த காசுகள் கிடைக்கும். தந்தை 1815இல் இரண்டாம் முறை பதவி துறந்தபோது மகனின் பெயர் அறிவிக்கப்பட்டது, ஆனால் அந்தப் பிள்ளை ஒரு நாளும் ஆட்சி செய்யவில்லை. அந்தக் குத்திகளை அடித்தது ஏறக்குறைய 1860இல், பிறசெல்சில். சேகரிப்பவர்களுக்கு விற்கவென்றே செய்தவை. வரிசைப் பட்டியல்களில் இடம்பெற்றுவிட்டதால் இன்று அவற்றுக்கும் ஒரு விலை இருக்கிறது, வாங்குவதும் பிழையில்லை. ஆனால் 1816இன் சான்றாக அதை வைத்துப் பேச முடியாது.

அமெரிக்கக் கதை இன்னும் நுணுக்கமானது. 1861இல் தென் மாநிலங்கள் பிரிந்து தனி அரசு அமைத்தபோது நியூ ஓர்லியன்ஸ் நாணயச்சாலை அவர்கள் கைக்குப் போனது. அங்கே அரை டொலருக்குப் புதிய பின்பக்க அச்சு வெட்டி நாலே நாலு குத்தி அடித்தார்கள். வெள்ளி இல்லாமல் வேலை நின்றது. 1879இல் அந்த அச்சு ஸ்கொற் என்ற வணிகர் கைக்கு வந்தது. அவர் 1861ஆம் ஆண்டு நியூ ஓர்லியன்ஸ் அரை டொலர்கள் ஐந்நூறு வாங்கி, அவற்றின் பின்பக்கத்தை இழைத்து வழித்துவிட்டு, தென்னரசின் அச்சை அதன்மேல் அடித்து விற்றார். யோசித்துப் பாருங்கள்: காசு உண்மையான 1861, அச்சு உண்மையான 1861, இரண்டும் சேர்ந்தது 1879. வெள்ளி இழைக்கப்பட்டதால் எடை குறையும், பின்பக்கம் அடிக்கும்போது முன்பக்கம் தட்டையாகும். இந்த இரண்டையும் தராசும் கண்ணும் காட்டிக்கொடுக்கும்.

எல்லா மாதிரிகளும் இப்படி நிழலில் பிறந்தவை அல்ல. 1848 புரட்சிக்குப் பின் பிரான்சின் புதுக் குடியரசு வெளிப்படையாகப் போட்டி வைத்தது. கலைஞர்கள் பலர் தங்கள் தங்கள் சுதந்திர தேவியைச் செதுக்கிக் கொண்டுவந்தார்கள். அவற்றை வெள்ளீயத்திலும் செம்பிலும் அடித்துப் பார்த்தார்கள். வெள்ளிக் காசுக்கு ஊதினே என்ற கலைஞர் செதுக்கிய சேரெஸ் என்ற தானிய தேவதையின் தலை தெரிவானது. தோற்றவர்களின் குத்திகள் ஐரோப்பிய ஏலங்களில் அடிக்கடி வரும், வெள்ளீயத்தில் அடித்தவை அவ்வளவு விலையும் இல்லை. மெய்யான மாதிரி ஒன்று, மெய்யான ஆட்சி மாற்றத்தின்போது அடித்தது, கையில் வேண்டும் என்பவருக்கு நான் முதலில் காட்டும் கதவு இதுதான். வெள்ளீயம் மென்மையானது, கீறல் விழுந்த குத்தி என்று ஒதுக்க வேண்டாம், வழவழப்பாக இருந்தால்தான் சந்தேகிக்க வேண்டும்.

இங்கிலாந்தில் 1663ஆம் ஆண்டின் ஒரு கிரவுண் மாதிரியையும் சொல்லாமல் விட மனமில்லை. அரசர் இல்லாத இடைக்காலத்தில் ஆண்ட குரொம்வெல்லுக்கு நாணயம் செதுக்கியவர் தோமஸ் சைமன். முடியாட்சி 1660இல் திரும்பியதும் புது அரசர் அவரைத் தள்ளி, வெளியிலிருந்து வந்த ரொட்டியேர் குடும்பத்துக்கு வேலையைக் கொடுத்தார். சைமன் தன் கைத்திறனைக் காட்ட ஒரு கிரவுண் செய்து, அதன் விளிம்பிலேயே இரண்டு வரியில் மன்னருக்கு மனு எழுதினார். இந்தக் காசை அந்த ஒல்லாந்தர் செய்த காசோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படியும், தன்னுடையது மேலாக இருந்தால் தன்னை ஆதரிக்கும்படியும் அதில் கேட்டிருக்கிறார். மனு எடுபடவில்லை. அவர் 1665இல் இறந்தார். காசின் விளிம்பு அவ்வளவு மெல்லியது, அதில் அவ்வளவு எழுத்து. படத்தைப் பெருப்பித்துப் பார்த்தால் ஒரு மனிதனின் முழுப் பிழைப்பும் அங்கே நிற்பது தெரியும்.

எங்கள் பக்கம் வருவோம். இந்திய நாணயங்களில் மாதிரி என்று காட்டப்படுபவற்றில் பெரும்பகுதி மீள அடித்தவை. கல்கத்தா, பம்பாய் நாணயச்சாலைகள் பழைய அச்சுகளைப் பத்திரமாக வைத்திருந்து, சேகரிப்பவர்கள் கேட்டால் நெடுங்காலம் அடித்துக் கொடுத்துவந்தன. அதிகாரபூர்வமாகச் செய்ததால் அவற்றைப் போலி என்று சொல்ல முடியாது. முதலில் அடித்ததற்கும் மீள அடித்ததற்கும் விலையில் பெரிய இடைவெளி உண்டு. தமிழ்நாட்டு விற்பனையாளர் எவராவது பிரித்தானிய இந்திய மாதிரி காட்டினால் 'முதல் அடிப்பா, மீள் அடிப்பா' என்று எழுத்தில் கேளுங்கள். நேர்மையானவர் எழுதித் தருவார்.

இலங்கையில் இந்த ஆசையை எப்படி வளர்ப்பது? யாழ்ப்பாண இராச்சியத்தின் சேதுக் காசில் தொடங்க ஆசை வரும். நந்தியும் 'சேது' என்ற எழுத்தும் கொண்ட அந்தச் செப்புக் காசு எங்களுக்கு உயிர்போல. ஆனால் கையால் அச்சு வெட்டி, கையால் அடித்த காசில் ஒன்றுபோல் ஒன்று இராது. 1450இல் கோட்டை இராச்சியத்தின் படை வந்து சில காலம் இங்கே ஆண்டதைச் சொல்லி, 'அந்தக் காலத்து மாதிரி' என்று கொஞ்சம் வேறுபட்ட சேதுக் காசை விலை ஏற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள். எழுத்தின் சாய்வும் நந்தியின் திமிலும் மாறுவது அச்சு மாறியதைத்தான் காட்டும். சேதுக் காசைச் சேதுக் காசாகவே போற்றுங்கள்.

ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். அவர்கள் ஆட்சியின் கடைசிக் காலத்தில், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரைக்கு மேல் காசடித்த கோட்டையின் முதலெழுத்தைப் போட்டு, ஸ்ரூய்வர் என்ற தடித்த செப்புக் காசுகளை அடித்தார்கள். 1795 செப்டெம்பரில் யாழ்ப்பாணக் கோட்டை பிரித்தானியர் கைக்குப் போனது, அடுத்த ஆண்டு கொழும்பும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், கொடி மாறியது, கணக்கு மாறவில்லை. ஒல்லாந்தரின் றிக்ஸ்டொலர் என்ற பணக் கணக்கிலேயே பிரித்தானியரும் காசடித்தார்கள். யானை பொறித்த முரட்டுச் செப்புக் குத்திகள் 1801இலிருந்து வருகின்றன. 1802 ஜனவரியில் இலங்கை முடியின் நேரடிக் காலனியாகிறது, அதே 1802 என்ற ஆண்டோடு பேர்மிங்ஹாம் அருகே சோஹோவில் போல்ற்றனின் நீராவி இயந்திரங்கள் அடித்த வழுவழுப்பான யானைக் காசு வருகிறது. இரண்டையும் ஒரே தட்டில் வையுங்கள். ஒன்றில் யானை ஓரத்தில் நழுவி, கால் ஒன்று காசுக்கு வெளியே போயிருக்கும். மற்றதில் யானை வட்டத்தின் நடுவே அளந்து வைத்ததுபோல் நிற்கும். ஓர் ஆட்சி நிலைத்துவிட்டது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

அதன்பின் 1821இல் நாலாம் ஜோர்ஜ் தலையோடு வெள்ளி றிக்ஸ்டொலர், நாலே ஆண்டில் கணக்கு இங்கிலாந்தின் ஸ்ரேலிங் பணத்துக்கு மாறியது. 1828இல் இலங்கைக்கென்று அரைப் பார்தின் (பார்தின் என்பது கால் பென்னி) அடித்தார்கள், அது பிறகு இங்கிலாந்திலேயே செல்லுபடியானது. 1870 என்ற ஆண்டு போட்ட செப்புச் சதங்களில் சிங்களமும் தமிழும் வந்தன. நடுவில் நிற்கும் மரத்தைத் தாளிப்பனை என்பாரும் உண்டு, எங்கள் பனை என்பாரும் உண்டு. நான் இரண்டாவது கட்சி.

இருபதாம் நூற்றாண்டில்தான் உங்கள் மாமாவின் பெட்டி பேசத் தொடங்கும். 1943ஆம் ஆண்டு ஐம்பது சதத்தையும் 1951ஆம் ஆண்டு ஐம்பது சதத்தையும் தேடி எடுங்கள். இரண்டிலும் ஆறாம் ஜோர்ஜ்தான். வெயிலில் சற்றுச் சாய்த்துப் பிடித்து, தலையைச் சுற்றி ஓடும் எழுத்தை வாசியுங்கள். முதலாவதில் அவர் அரசரும் இந்தியாவின் சக்கரவர்த்தியும். இரண்டாவதில் வெறுமனே ஆறாம் ஜோர்ஜ் அரசர். நடுவே 1947இல் இந்தியாவும் 1948இல் இலங்கையும் சுதந்திரம் பெற்றன, 1948 ஜூனில் சக்கரவர்த்திப் பட்டம் சட்டப்படி நீங்கியது. அடுத்து, பூ விளிம்பு கொண்ட இரண்டு சதங்களில் 1955, 1957 ஆண்டுகளைப் பாருங்கள். புழக்கத்துக்கென அடித்த எங்கள் குத்திகளில் எலிசபெத் அரசியின் முகம் வந்தது அந்த இரண்டு சதத்தில் மட்டும். 1963இல் முகமே போய் அரச இலச்சினை வந்தது, அதன் உச்சியில் இன்னும் பிரித்தானிய முடி. 1972 மே 22இல் குடியரசானதும் புது இலச்சினை, முடி இருந்த இடத்தில் தர்மச்சக்கரம். 1978இல் நிறைவேற்று ஜனாதிபதி முறை வந்தபோது ஜே. ஆர். ஜயவர்தனவின் முகத்தோடு ஒரு ரூபா. முப்பத்தைந்து ஆண்டுக்குள் சக்கரவர்த்தி, அரசி, இலச்சினை, ஜனாதிபதி. இந்த வரிசையில் ஒன்றுகூட விலையால் எட்டாதது இல்லை. மாதிரிகளைத் தேடுமுன் இதை முழுமையாக்குங்கள். புழங்கிய காசை எழுத்து எழுத்தாக அறிந்தவருக்குத்தான் மாதிரியில் எது வேறு என்று கண் பிடிபடும்.

மாதிரி ஒன்றை வாங்கும் நிலை வரும்போது, காசுக்கு முன் அதன் கடதாசியை வாங்குங்கள். யாரிடம் இருந்தது, எந்த ஏலத்தில் எந்த இலக்கமாக வந்தது, அந்தப் பழைய அட்டவணைப் படத்தில் இருக்கும் கீறல் இந்தக் குத்தியில் அதே இடத்தில் இருக்கிறதா? 1981இல் நூலகம் எரிந்த ஊர்க்காரருக்கு ஆவணம் போனால் என்ன போகும் என்று நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இலங்கைக் காசுகளுக்கு 1924இல் கொழும்பு நூதனசாலை வெளியிட்ட கொட்றிங்ரனின் நூல் இன்றும் அடிப்படை. பிளாஸ்ரிக் பேழையில் அடைத்துத் தரச்சான்று தரும் அமெரிக்க நிறுவனங்களின் முத்திரை உதவிதான், ஆனால் பேழையையே போலியாகச் செய்கிறார்கள். இலக்கத்தை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்குள்ள படமும் கையிலுள்ள குத்தியும் ஒன்றா என்று பாருங்கள்.

சோதனைக்கு நூறில் ஒரு கிராம் காட்டும் சிறு தராசும், வில்லையும், விட்டம் அளக்கும் கருவியும் போதும். எடை, விட்டம், விளிம்பு, முன்பக்கத்தைத் திருப்பும்போது பின்பக்கம் நேராக வருகிறதா தலைகீழாக வருகிறதா, இந்த நாலையும் பட்டியலோடு ஒப்பிடுங்கள். உலோகத்தில் சந்தேகம் என்றால் கஸ்தூரியார் வீதியில் காரட் பார்க்கும் இயந்திரம் வைத்திருக்கும் நகைக்கடைகள் உண்டு. காசைத் தேய்க்காமல் அது சொல்லிவிடும். பத்தரிடம் கொடுத்தால் உரைகல்லில் உரைக்க வேண்டாம் என்று முதலே சொல்லிவிடுங்கள். ஓர் உரசல் போதும், விலையில் பாதி போய்விடும். பதக்கமாகக் கொழுவ வளையம் ஒட்டி எடுத்த காசும் அப்படித்தான்.

பெட்டியில் உள்ளதை எக்காரணம் கொண்டும் புளி போட்டு மினுக்காதீர்கள். தேசிக்காயும் வேண்டாம், பித்தளை மினுக்கும் திரவமும் வேண்டாம். எங்கள் காற்றில் உப்பு அதிகம், செப்புக் காசில் பச்சை நிறத்தில் தூள் தூளாகப் பூப்பது உப்பின் வேலை. அப்படிப் பூத்ததைத் தனியே பிரித்து வையுங்கள், மற்றவற்றோடு கிடந்தால் ஈரம் பகிரும். மாரியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலங்களைப் பெட்டியில் போட்டு, நிறம் மாறினால் மாற்றுங்கள். மெதுமெதுப்பான மலிவு பிளாஸ்ரிக் பைகள் நாளடைவில் பசை விடும். காசுக்கென்று விற்கும் விறைப்பான மைலார் உறைகளைக் கொழும்பிலிருந்து எடுப்பித்துக்கொள்ளலாம். இடப்பெயர்வு நேரம் மண்ணில் புதைத்து எடுத்த காசு உங்கள் பெட்டியில் இருந்தால் அதன் மண் கறையைக்கூடச் சுரண்ட வேண்டாம்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்தியதைத் தொல்பொருள் என்கிறது. அது கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள், ஆட்சி மாறிய ஒரு நாளையே சட்டம் எல்லைக் கல்லாக நட்டிருக்கிறது. சேதுக் காசு, ஒல்லாந்தர் காசு, முதல் யானைக் காசுகள் எல்லாம் அதற்குள் வரும். தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ சொந்தக்காரர் கேட்டாலும் தபாலில் போட வேண்டாம். கந்தரோடைப் பக்கம் உலோகங்காட்டியோடு தோண்டி எடுத்ததாகச் சொல்லி ஒருவர் காசு கொண்டுவந்தால் தொட வேண்டாம். சட்டம் ஒரு பக்கம், மண்ணிலிருந்து பிடுங்கிய காசு தன் வரலாற்றை அந்தக் குழியிலேயே விட்டுவிட்டு வருகிறது என்பது மறுபக்கம்.

கடைசியாக, இன்றைக்கே செய்யக்கூடியது. மாமாவின் பெட்டியில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு கடதாசி உறை எடுங்கள். உறையின்மேல் பென்சிலால் எழுதுங்கள்: காசின் பெயர், பொறித்த ஆண்டு, எடை, எங்கே எப்போது யாரிடமிருந்து வந்தது. மாமி இருக்கிறார் என்றால் அவரிடம் கேட்டு, எந்தக் காசு எந்தக் கடையில், எந்தப் பயணத்தில் வந்தது என்று அவருக்கு நினைவுள்ளதை அவர் சொல்லும் வார்த்தையிலேயே எழுதிவையுங்கள். தெரியாத இடத்தை வெற்றாக விடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். எழுதி முடிந்தபின் சந்தேகமானவற்றின் முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு மூன்றையும் படம் பிடித்து எடையோடு அனுப்புங்கள், ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன்.